மரியாதையும் கயிறும்: தீவகத்து வழக்கில் உயர்வுச் சொற்களும் கட்டுண்ட உயிர்களும்

1

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்தில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, ஈழத்து வரலாற்று மாணவர் நன்கறிந்த ஒன்றாகும். பொலநறுவையிலிருந்து ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையான அது, கா. இந்திரபாலாவினால் 1963இல் பதிப்பிக்கப்பட்டது. ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், பரதேசிகள் வந்து தங்குதல் வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படுதல் வேண்டும் என்றும் அது கூறுகிறது. வாணிபச் சரக்கேற்றிய மரக்கலம் கெடுமாயின் சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவனுக்கும் உரியதாகும். ஆனால் மன்னனுக்கென யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் கெடுமாயின் நாலில் ஒரு பங்கையே பண்டாரம் கொள்ளும்; எஞ்சிய மூன்று பங்கும் உடையவனைச் சாரும். இச்சலுகைக்கு மன்னன் காட்டும் காரணம், யானை குதிரைகள்மீது தனக்குச் சிநேகம் உண்டு என்பதாகும்.

வரலாற்றாசிரியர் இக்கல்வெட்டை இந்துசமுத்திர வணிகத்துக்கும், வடபகுதியில் பொலநறுவை அரசின் அதிகாரத்துக்கும் சான்றாகக் கொள்வர். இலக்கிய மாணவராகிய நாம் அதில் உள்ள மூன்று சொற்களிடத்தே சற்றுத் தரித்து நிற்க விரும்புகிறோம். முதலாவது, மன்னன் தன்னைச் சுட்டும் 'நாம்' என்ற பன்மை. இரண்டாவது, 'பரதேசி'. கல்வெட்டில் அரச பாதுகாப்புக்குரிய பிறநாட்டு வணிகனைக் குறித்த அச்சொல், இன்று யாழ்ப்பாணத்துப் பேச்சில் நாதியற்று அலைபவனை ஏசும் வசையாகிவிட்டது. மூன்றாவது, 'சிநேகம்'. போர்க்களத்துக்கென விலைகொடுத்து வாங்கப்பட்டு, மரக்கலத்தின் அடித்தட்டிற் கட்டப்பட்டு வந்த விலங்குகள்மீது கொண்ட உடைமை நாட்டத்துக்கு அளிக்கப்பட்ட பெயர் அது.

ஒரே ஆணையில் மதிப்புச் சொல்லும், பின்னர் மதிப்பிழந்த சொல்லும், கட்டுண்ட விலங்கின்மீதான அன்பும் ஒருங்கு காணப்படுவது தற்செயலானதன்று என்பதே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி. மரியாதைச் சொற்கள் காலந்தோறும் மாறுகின்றன என்பது எவரும் அறிந்தது. அம்மாற்றத்தை மனப்பண்பின் வளர்ச்சியாகவும் நாகரிகத்தின் கனிவாகவும் விளக்குவதே பெருவழக்கு. நாம் அவ்வாறு கருதவில்லை. யார் யாரை உடைமையாகக் கொண்டிருந்தனர், அவ்வுடைமை உறவு எப்போது தளர்ந்தது என்ற கேள்விகளை விடுத்து மரியாதைச் சொல்லின் வரலாற்றை எழுதவியலாது. கட்டுண்ட உயிரின் விடுதலை வேட்கை பற்றி நமது இலக்கியம் பேசியவற்றையும் பேசாது விட்டவற்றையும் அவ்வுறவின் பின்னணியில் நோக்குதல் வேண்டும். தீவகம் இவ்வாய்வுக்கு ஏற்றதொரு களமாகும்.

2

ஒருவரைப் பன்மையாற் கூறுதல் தமிழில் மிகப் பழைய வழக்கு. தொல்காப்பியக் கிளவியாக்கம் இதனை 'உயர்சொற்கிளவி' எனக் குறிக்கிறது. ஒருவரையோ ஒன்றனையோ பன்மையாற் சுட்டுவது வழக்கின்பாற்பட்டதென்றும், இலக்கண நெறியின்பாற்பட்டதன்று என்றும் அது வரையறுக்கிறது. இங்கு இரு செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. இலக்கணம் தருவது எண் என்ற பகுப்பை மட்டுமே. உயர்வைத் தருவது வழக்கு, அதாவது சமூகம். அடுத்து, 'ஒன்றனை' என்றமையால், அஃறிணையும் உயர்சொல் பெறும் தகுதியிலிருந்து முற்றாக விலக்கப்படவில்லை. நாட்டுக்கதைகளில் நரி 'நரியார்' ஆவதை நாம் அறிவோம்.

சேனாவரையர் இவ்விடத்தே ஒரு தடையை எழுப்பி விடை கூறுவார். தொண்டன் ஒருவனுக்கு 'ஆர்' விகுதி சேர்த்துத் 'தொண்டனார்' எனப் பன்மையாற் கூறும்போது அங்கு உயர்வின்றி இழிவன்றோ தோன்றுகிறது என்பது தடை. உயர்சொல்லே குறிப்பினால் இழிவை உணர்த்திற்று என்பது விடை. உரையாசிரியர் இதனைச் சொல்லிலக்கணச் சிக்கலாகவே நோக்கினார். ஆயினும் அந்த எடுத்துக்காட்டு சமூகச் சான்றாகவும் அமைகிறது. மதிப்பு விகுதி ஏவலாளன்மீது ஏறியதும் அது எள்ளலாகிவிடுகிறது. சொல் தன்னளவில் உயர்ந்ததாயின் எவர்மேல் ஏறினும் உயர்த்துதல் வேண்டும். அவ்வாறு நிகழாமையால், உயர்வு சொல்லில் இல்லை, சொல்வோனுக்கும் சொல்லப்படுவோனுக்கும் இடையேயுள்ள உறவில் உள்ளது என்பது பெறப்படும்.

இவ்வுறவு மாறுந்தோறும் சொற்கள் தேய்கின்றன. தேய்ந்தவற்றின்மேல் புதியவை அடுக்கப்படுகின்றன. முன்னிலைப் பன்மையாக இருந்த 'நீர்' ஒருவரை மதித்துக் கூறும் சொல்லாயிற்று. அது போதாதாகவே பன்மைமேற் பன்மையாக 'நீங்கள்' வந்தது. அதற்கும் மேலே 'தாங்கள்' நின்றது. 'அவர்' போதாமையால் 'அவர்கள்' எழுந்தது. யாழ்ப்பாணத் தமிழின் சிறப்பு யாதெனில், தமிழ்நாட்டுப் பேச்சிற் பெரும்பாலும் வழக்கொழிந்த 'நீர்' இங்கு இன்றும் நின்று நிலவுகிறது. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்ற நான்கு படிகளை இப்பிரதேச வழக்கு பேணியுள்ளது. 'வா' என்பதற்கும் 'வாரும்' என்பதற்கும் 'வாருங்கோ' என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டு என்பதைத் தீவகத்துச் சிறுபிள்ளையும் அறியும். யாழ்ப்பாணச் சமூகத்திற் சாதியும் மொழியும் பற்றி 1978இல் எழுதிய சு. சுசீந்திரராசா, இத்தகைய விளிமுறைகள் சாதி உறவோடு எவ்வாறு பிணைந்திருந்தன என்பதையும் எவ்வாறு மாறிவந்தன என்பதையும் மொழியியல் நோக்கில் ஆராய்ந்துள்ளார்.

பிறநாட்டு வரலாறும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை ஆராய்ந்த பிரௌணும் கில்மனும் 1960இல் அதிகாரம், தோழமை என்ற இரு அச்சுகளை எடுத்துக்காட்டினர். அதிகாரம் மேலோங்கிய சமூகத்தில் ஒருவர் 'நீ' என, மற்றவர் 'நீங்கள்' என விடையிறுப்பார். தோழமை மேலோங்கும்போது இருவரும் ஒரே சொல்லை வழங்குவர். ஆனால் அந்த ஒரே சொல் எது என்பதில் வரலாறு ஒரே வழியிற் செல்லவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793 அளவில் 'நீ' என்பதே குடிமக்கள் அனைவருக்கும் பொதுவாக வேண்டும் என்ற இயக்கம் எழுந்தது. 1917 மார்ச்சில் பெத்ரோகிராட் சோவியத்து வெளியிட்ட முதலாவது ஆணையோ, படைவீரரை அதிகாரிகள் 'நீ' என விளித்தலைத் தடைசெய்தது. முன்னையது மேலிருந்தோரைக் கீழிறக்கிச் சமன் செய்தது; பின்னையது கீழிருந்தோரை மேலேற்றிச் சமன் கேட்டது. தலைமுறை தலைமுறையாக 'நீ' எனவும் 'அடே' எனவும் விளிக்கப்பட்டவனுக்கு அச்சொல்லிற் தோழமை தோன்றாது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் கேட்டதும் இரண்டாவது வகைச் சமத்துவமே.

3

மேற்குறித்த கிளவியாக்கத்தில் இன்னொரு நூற்பா உண்டு. பொருளால் உயர்திணையாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களை அது தொகுக்கிறது. அவற்றுள் 'குடிமை', 'அடிமை' என்ற இரண்டும் இடம்பெறுகின்றன. அடிமை வந்தான் என்னாது, அடிமை வந்தது என்பதே அந்நெறி. இதனைக் கண்டவுடன், பழந்தமிழ் இலக்கணம் அடிமையை விலங்கோடு சேர்த்து எண்ணிற்று என முடிவுகட்டத் தோன்றும். அது அவசர முடிபாகும். அதே நூற்பாவில் 'அரசு', 'குழவி', 'விருந்து' என்பனவும் உள்ளன. அரசனையும் குழந்தையையும் விருந்தினனையும் எவரும் இழிவாகக் கருதவில்லை. யாழ்ப்பாணத்தார் மதிப்புக்குரிய மாந்தர் பலரைச் சுட்டி 'அவை' என்பர். வடிவத்தால் அஃறிணையான அச்சொல்லில் இழிவு சிறிதும் இல்லை. எனவே இலக்கண முடிபிலிருந்து சமூக இழிவை நேராகப் பெற முயல்வது பொறிமுறைப் பொருள்முதல்வாதமாகிவிடும். நாம் கவனிக்கவேண்டியது பிறிதொன்று. அரசு அரசனாகவும் வழங்கலாம். குழவி வளர்ந்து மகனாகலாம். அடிமை மட்டும் தன் பெயரிலிருந்து வெளியேற வேறொருவரின் அனுமதியை வேண்டி நின்றது.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியினால் தொகுக்கப்பட்ட தேசவழமை இதனைத் தெளிவாக்குகிறது. சீதனம், முதுசொம், ஈடு, கொள்வனவு, விற்பனை ஆகியன பற்றிய விதிகளோடு அடிமைகள் பற்றிய விதிகளும் அதே தொகுப்பில் அடங்கியுள்ளன. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் எனச் சாதிப்பெயராலேயே அடிமைகள் வகுக்கப்பட்டனர். அடிமையானவர் சொத்துரிமைச் சட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தனரேயன்றி, அச்சட்டத்தின் முன் நிற்கும் ஆட்களாக இருக்கவில்லை. பிரித்தானியர் ஆட்சியில் 1844இல் அடிமைமுறை சட்டப்படி முற்றாக நீக்கப்பட்டது.

அடிமை நீங்கிற்று, குடிமை நின்றது. யாழ்ப்பாண வழக்கில் 'குடிமகன்' என்பது நெடுங்காலமாகக் குடிமைத் தொழில் புரிந்தோரை, குறிப்பாகச் சவரத் தொழிலாளியையும் சலவைத் தொழிலாளியையும், சுட்டிய சொல். ஒரு வீட்டாருக்கு உரிய குடிமகன் என்றால் அவ்வீட்டின் நன்மை தீமைகளுக்கு வந்து பணி செய்யக் கடமைப்பட்டவன் என்பது பொருள். இருபதாம் நூற்றாண்டின் அரசியற் பேச்சில் அதே சொல் வாக்குரிமை பெற்ற நாட்டுறுப்பினனைக் குறிக்கலாயிற்று. ஒரே கிராமத்தில், ஒரே நாளில், மேடையிற் பேசியவர் 'குடிமக்களே' என விளிக்க, கலியாண வீட்டில் ஒருவர் 'குடிமகனைக் கூப்பிடு' எனச் சொல்லக்கூடிய காலம் ஒன்று இருந்தது. சொல்லின் எழுத்து ஒன்றும் மாறவில்லை. இவ்விரு பொருள்களுக்கும் இடைப்பட்ட தொலைவே நவீன யாழ்ப்பாணத்தின் சமூக வரலாறு எனலாம்.

'நயினார்' என்ற சொல்லின் வரலாறு இதற்கு மறுதலையானது. 'நாயனார்' என்பதன் திரிபான இது இறைவனுக்கும் அடியாருக்கும் வழங்கியது. நயினாதீவின் பெயரையும் இச்சொல்லோடு தொடர்புறுத்துவார் உளர். யாழ்ப்பாணத்தில் அது ஒடுக்கப்பட்ட சாதியார் நிலவுடைமையாளரை விளிக்கும் சொல்லாக நின்றது. பெண்பாலுக்கு 'நாச்சியார்' நின்றது. இறைவனுக்குரிய பெயரால் வேளாண் தலைவனை விளிக்க வேண்டியிருந்தமை, நிலவுடைமை அதிகாரம் எவ்வாறு தெய்விகச் சாயல் பூண்டது என்பதை உணர்த்தும். பின்னர் 'நயினார்' மெல்ல மறைந்து 'ஐயா' வந்தது; அதன்பின் 'அண்ணை', 'தம்பி' என்ற உறவுமுறைச் சொற்கள் இடம்பிடித்தன. இம்மாற்றம் கல்வியாலும் நற்பண்பாலும் தானே விளைந்ததென்பது சரியன்று. இலவசக் கல்வி, நகரத் தொழில், தொழிற்சங்கம், 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், 1966 முதல் நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேச ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் ஆகியவற்றின் அழுத்தத்திலேயே அச்சொல் நாவிலிருந்து அகன்றது.

4

இவ்வுறவை நமது செய்யுளிலக்கியம் எவ்வாறு கண்டது என்பதைப் பள்ளுப் பிரபந்தங்களைக்கொண்டு நோக்கலாம். ஈழத்திற் கதிரைமலைப் பள்ளு, நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளு, தண்டிகைக் கனகராயன் பள்ளு ஆகியன குறிப்பிடத்தக்கன. பறாளை அமைந்துள்ள சுழிபுரம் தீவகத்தை எதிர்நோக்கி நிற்கும் கரையோர ஊராகும். தமிழகத்தில் முக்கூடற் பள்ளு இவ்வகையிற் பெரும்புகழ் பெற்றது.

பள்ளின் கதையமைப்பு நமக்குத் தெரிந்ததே. பள்ளன், அவன் மனைவியர் இருவர், பண்ணைக்காரன் என்போர் பாத்திரங்கள். பள்ளன் தன் கடமையிற் தவற, மூத்த மனைவி முறையிட, பண்ணைக்காரன் அவனைத் தொழுவில் மாட்டுகிறான். மூத்தவளே பின்னர் இரந்து அவனை விடுவிக்கிறாள். உழவின்போது மாடு வெருண்டு பள்ளனைப் பாய்கிறது. மாட்டு வகையும் விதை வகையும் நீளப் பட்டியலிடப்படுகின்றன.

இங்கு 'தொழு' என்ற சொல்லை நோக்குவோம். தொழு என்பது கால்நடை அடைக்கும் இடம்; குற்றவாளியின் காலைப் பிணிக்கும் மரமும் அதுவே. வணங்குதல் என்னும் பொருளில் வரும் 'தொழு' என்ற வினையும் அதே ஒலியுடையது. ஏவற்றொழில் 'தொழும்பு' எனப்படும். ஒலி ஒப்புமையைக்கொண்டு இவை யாவும் ஒரு வேரின என நாம் வாதிடவில்லை. அது சொற்பிறப்பியலார் தீர்க்கவேண்டிய விடயம். ஆயினும் பள்ளு நூலின் உலகில் இப்பொருள்கள் ஒரே மனிதன்மேற் கூடி நிற்கின்றன. பள்ளன் 'ஆண்டே' எனத் தொழுகிறான், தொழும்பு செய்கிறான், தவறினால் மாடு நிற்கும் தொழுவின் பெயர்கொண்ட மரத்திற் பூட்டப்படுகிறான். எருதின் மூக்கணாங்கயிற்றுக்கு 'நாணயக் கயிறு' என்றும் பெயருண்டு. நாணயமானவன் என்று மதிக்கப்படும் ஏவலாளன், கயிற்றை இழுக்காதவன் என்ற பொருளே அங்கு மேலோங்கிற்று எனக் கூறுதல் மிகையாகாது.

பள்ளுப் புலவன் இவ்வுறவை முற்றாக ஏற்றான் எனவும் கூறமுடியாது. பண்ணைக்காரனின் தோற்றம் நகைப்புக்குரியதாகவே வருணிக்கப்படுகிறது. வாயில் 'ஆண்டே' என்ற மரியாதை, வருணனையில் ஏளனம். சேனாவரையர் கண்ட குறிப்புநிலை இங்கு தலைகீழாகச் செயற்படுகிறது. தொண்டனை நோக்கிய ஏளனம், தொண்டனின் பக்கத்திலிருந்து தலைவனை நோக்கித் திரும்புகிறது. ஆனால் புலவன் நகைப்புக்கு அப்பாற் செல்லவில்லை. மாடு பாயும் கட்டத்தை எண்ணுக. நுகத்திற் பூட்டப்பட்ட விலங்கொன்று சினந்து திரும்பும் இடம் அது. அதன் கொம்பு பண்ணைக்காரனைத் தீண்டவில்லை. அதனோடு ஒரே சேற்றில் நின்று உழைத்த பள்ளனையே வீழ்த்துகிறது. கட்டுண்ட உயிரின் எதிர்ப்பைப் பாடத் துணிந்த மரபு, அவ்வெதிர்ப்பை இன்னொரு கட்டுண்ட உயிரின்மேற் திருப்பிவிட்டது. பள்ளு இலக்கியத்தின் வர்க்க எல்லை இதுவென நாம் கருதுகிறோம்.

5

உழவெருது உற்பத்திக் கருவி. கூட்டிலிடப்பட்ட கிளி அத்தகையதன்று. அது வீட்டுக்கு அழகு, பேச்சுக்குத் துணை. சுன்னாகம் வரதபண்டிதர் (1656–1716) பாடிய கிள்ளைவிடு தூது ஈழத்துத் தூதிலக்கியத்தில் முதன்மையான ஒன்று. தூதுப் பிரபந்த மரபில் தூதுப்பொருளை முதலிற் புகழ்தல் வேண்டும். கிளியின் நிறமும் சொல்லும் குலமும் போற்றப்படும்; அதன்பின்னரே தலைவனிடம் சென்று மாலை வாங்கி வருமாறு அது ஏவப்படும். பறவைக்கு வழங்கப்படும் இம்மரியாதை ஏவலுக்கு முற்பணமாகும். கிளி வானிற் பறக்கிறது, ஆனால் தன் பொருட்டுப் பறப்பதில்லை. மனித மொழியைக் கற்றுக்கொண்டமையே அதன் கூட்டுக்குக் காரணமாயிற்று என்பதும் எண்ணத்தக்கது.

நவீன கவிதையிற் கூட்டுப்பறவை வேறொரு பணிக்கு அமர்த்தப்பட்டது. பாரதியின் சிட்டுக்குருவிக்குப் பின்னர் பறவை விடுதலையின் குறியீடாயிற்று. கூண்டு அந்நிய ஆட்சியின், பெண்ணடிமையின், சாதியத்தின் குறியீடாயிற்று. முற்போக்குக் கவிதை இக்குறியீட்டைச் சலிப்பின்றிக் கையாண்டுள்ளது. இதில் ஒரு குறை உண்டு. விடுதலை வேட்கையைப் பறவைமேல் ஏற்றிச்சொல்லும் கவிஞன், பறவையைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. தூதிலக்கியக் கிளிபோல அதுவும் நமது செய்தியைச் சுமந்து செல்கிறது. ஏவல் மட்டும் மாறியுள்ளது.

விலங்குக்கு விடுதலை வேட்கை உண்டா என்ற கேள்வி இங்கு எழும். மூலதனத்தின் முதலாம் பாகத்தில் (1867) மார்க்ஸ் தேனீயையும் கட்டடக் கலைஞனையும் ஒப்பிட்டு, திட்டத்தை முன்கூட்டியே மனத்திற் கொள்வதே மனித உழைப்பின் சிறப்பு என்றார். அவ்வேறுபாடு சரியானதே. ஆனால் அதனைக் காட்டி விலங்கை வெறும் கருவியாகக் கொள்ளும் உரிமை எவருக்கும் கிட்டிவிடாது. கன்று தாயிடம் ஓடக் கயிற்றை இழுப்பதும், பட்டி திறந்ததும் மந்தை முண்டியடித்து வெளியேறுவதும் எவரும் காணும் நிகழ்ச்சிகள். அதற்கு 'ஏக்கம்' என்ற மனிதச் சொல் பொருந்துமா என வாதிடுவதிலும் பார்க்க, கயிறு எவருடைய தேவைக்காகக் கட்டப்பட்டது என வினவுதல் பயனுடையது. மகாகவியின் 'புள்ளியளவில் ஒரு பூச்சி' இவ்வகையில் நமக்கு முக்கியமான கவிதை. நூலொன்றைப் படித்திருக்கையில் விரல் பட்டு மாயும் சிறு பூச்சியை அது எதற்கும் குறியீடாக்கவில்லை. அச்சிறு சாவைச் சாவாகவே காண்கிறது. எளிய உயிரை அவ்வுயிராகவே காண்பதற்கு ஈழத்துக் கவிதையில் அது நல்லதொரு முன்மாதிரி.

வளர்ப்பு விலங்கின் பெயரும் இக்காலத்தில் மாறியுள்ளது. நமது இளமைப் பாடநூல்களில் 'வீட்டு மிருகம்' என இருந்தது 'வளர்ப்புப் பிராணி' ஆகி, இன்று 'செல்லப் பிராணி' ஆகியுள்ளது. உழவும் போக்குவரத்தும் இயந்திரத்துக்கு மாறியபின் விலங்கு உற்பத்தியினின்று விலகி நுகர்வுக்கு வந்தமையின் அடையாளம் இப்பெயர் மாற்றம். மன்னனின் 'சிநேகம்' மத்தியதர வர்க்கத்தின் 'செல்லம்' ஆகிவிட்டது. கயிற்றின் இடத்தைக் கழுத்துப்பட்டி பிடித்துள்ளது.

6

கயிறு முற்றாக அவிழ்ந்தால் நிகழ்வது யாது? இக்கேள்விக்கு நெடுந்தீவு விடை கூறும்.

போர்த்துக்கேயர் நெடுந்தீவைப் 'பசுத்தீவு' எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். அங்கு அவர்கள் தொடக்கிய குதிரை வளர்ப்பை ஒல்லாந்தர் விரிவாக்கினர். தங்கள் நாட்டு நகரொன்றின் பெயரையே அத்தீவுக்கு இட்டனர்; டெல்வ்ற் என்ற பெயர் அவ்வாறு வந்ததே. குதிரை லாயத்தின் சிதைந்த தூண்களும், சுண்ணக் கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகளும் இன்றும் காணப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லெப்டினன்ற் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி தீவை நிருவகித்தபோதும் குதிரை வளர்ப்பு நடைபெற்றது. பின்னர் அது கைவிடப்பட்டது. உடையவர் போயினர், குதிரைகள் எஞ்சின. அவற்றின் வழித்தோன்றல்களான மட்டக்குதிரைகள் தீவின் வெளிகளில் இன்றும் உலவுகின்றன. அவை உலவும் பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

சுற்றுலாப் பயணி இக்குதிரைகளைச் சுதந்திரத்தின் வடிவமாகக் கண்டு வியப்பார். நெடுந்தீவில் வாழ்வோர் வேறொன்றையும் அறிவர். தீவில் நன்னீர் அரிது. கோடையில் குளங்களும் துரவுகளும் வற்றும்போது குதிரைகள் தண்ணீரின்றி மாய்கின்றன. அவற்றைக் கட்டுவோர் இல்லை. அவற்றுக்கென நீர் இறைப்போரும் இல்லை. கயிறு அவிழ்ந்ததும் விடுதலை நிறைவெய்திவிடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 1844இல் அடிமைநீக்கம் பெற்றோரின் நிலையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. சட்டம் அவர்களைக் கட்டவிழ்த்தது. நிலமோ கிணறோ அவர்களுக்கு வழங்கப்படவில்லை. ஆகவே அவர்கள் முன்னைய எசமானரின் வளவுக்கே மீண்டும் செல்ல நேர்ந்தது.

இங்கு 'கட்டாக்காலி' என்ற ஈழத்து வழக்கை எண்ணிப்பார்த்தல் தகும். கட்டப்படாத கால்நடை என்பதே அதன் நேர்ப்பொருள். ஆனால் ஊர்வழக்கில் அது வசை. எவருக்கும் கட்டுப்படாது திரியும் மனிதனையும் அது இழித்துரைக்கும். உடையவன் இல்லாத உயிரை உடைமைச் சமூகம் மதியாது. 'பரதேசி' மதிப்பிழந்ததும் இவ்வழியிலேயே. பண்டாரத்துக்குப் பயன் தந்த நாளில் பரதேசி பாதுகாப்புக்குரியவன். பயன் நீங்கிய நாளில் அச்சொல் வசை.

தீவக மண்ணில் விடுதலைக்கான உரைகல் கிணறாகவே இருந்துவந்துள்ளது. புங்குடுதீவில் 1971இல், கண்ணகியம்மன் கோயிற் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக மு. தளையசிங்கம் முன்னின்று சத்தியாக்கிரகம் நிகழ்த்தினார். தளையசிங்கத்தின் மெய்யியலோடு நமக்கு உடன்பாடில்லை. மார்க்சியத்தைக் கடந்துசெல்வதாக அவர் முன்வைத்த கருத்துகளை நமது ஆசிரியர்கள் கடுமையாக மறுத்துள்ளனர். அம்மறுப்பின் அடிப்படை சரியானதே. எனினும் எதை முதலிற் கேட்கவேண்டும் என்பதில் அவர் தவறவில்லை. அவர் கேட்டது விளிச்சொல்லன்று, தண்ணீர். மாட்டுக்கு மறுக்கப்படாத நீர் மனிதனுக்கு மறுக்கப்பட்ட ஊரில், எந்த மரியாதைச் சொல்லும் அதற்கு ஈடாகாது. இவ்வுண்மையை எழுத்தாளர் ஒருவர் கோட்பாட்டிலன்றிச் செயலிற் காட்டினார் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நமது முற்போக்குப் புனைகதையின் சாதனையையும் குறையையும் இவ்வளவுகோலால் மதிப்பிடலாம். டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' (1960) தொடக்கம் கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) வரை, விளிச்சொல்லைச் சமூக ஆவணமாக்கிய பெருமை இவ்வெழுத்துக்கு உண்டு. யார் யாரை எவ்வாறு அழைத்தனர் என்பதை எழுத்திற் பதித்தமையால், மறைந்துபோன ஓர் அதிகார அமைப்பை நாம் இன்றும் காதாற் கேட்கமுடிகிறது. ஆனால் இவர்களைப் பின்பற்றி எழுந்த கதைகள் பலவற்றில், மேற்சாதிப் பாத்திரம் மனம்மாறி ஒடுக்கப்பட்டவனை 'நீங்கள்' என விளிப்பதோடு கதை நிறைவுறுகிறது. அந்த விளியின்பின் காணி எவர் பெயரில் உள்ளது, கிணற்றுக்கட்டில் எவர் நிற்கலாம் என்ற கேள்விகள் எழுப்பப்படுவதில்லை. மனமாற்றத்தைச் சமூக மாற்றமாகக் காட்டும் இம்முடிவு, நாம் எதிர்ப்பதாகக் கூறும் கருத்துமுதல்வாதமே.

7

1990–91இல் போர் தீவகத்தை வெறுமையாக்கியது. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு முதலிய ஊர்களின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். கொண்டுசெல்ல முடியாத மாடுகளையும் ஆடுகளையும் அவிழ்த்துவிட்டுப் புறப்பட்டோர் பலர். அதுவே அவர்கள் அவ்வுயிர்களுக்குச் செய்யக்கூடிய இறுதி நன்மையாக இருந்தது. வளவுகள் திறந்து கிடந்தன. நீர் இறைக்க எவரும் இல்லை. புங்குடுதீவைச் சேர்ந்த சு. வில்வரத்தினத்தின் 'காற்றுவழிக் கிராமம்' (1995) மாந்தர் நீங்கிய ஊரைக் காற்றின் வழியே காணும் கவிதை நூல். அதனை இழந்த ஊருக்கான புலம்பலாகவே பலரும் வாசித்தனர். நாம் அதில் இன்னொன்றையும் வாசிக்கிறோம். மனிதர் நீங்கியவுடன் 'நயினார்' என விளிப்பாரும் இல்லை, விளிக்கப்படுவாரும் இல்லை. நான்கு படி முன்னிலைப் பெயர்கள் நான்கும் ஒருங்கே செயலற்றுப்போயின. அகதிமுகாமின் வரிசையில் நின்றபோது, முன்னர் 'நீங்கள்' எனக் கேட்டுப் பழகியோரையும் அதிகாரிகள் 'நீ' என்றனர். மரியாதை தமது பிறப்புரிமை என எண்ணியிருந்தோர், அது தமது காணியின் நிழல் என்பதை அங்கு அறிந்திருத்தல் கூடும்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மரியாதைச் சொற்களின் மாற்றம் பொருளற்றதென்று நாம் வாதிடவில்லை என்பது தெளிவாகும். 'நயினார்' மறைந்தமை வெற்றியே. 'நீ' எனப்பட்டவர் 'நீங்கள்' எனப்படுவது, கட்டப்பட்ட உயிரின் கயிறு அவிழ்வதற்கு ஒப்பானது. அதனை அற்பமெனக் கருதுவோர் கயிற்றின் உராய்வை அறியாதவராவர். ஆயினும் அவிழ்ந்த கயிறு விடுதலையின் முதற்படி மட்டுமே. அடுத்த படி கிணற்றடியில் உள்ளது. சொல்லை ஆராய்வோர் இவ்விரு படிகளையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும். புனைகதை எழுதுவோர் முதற்படியில் நின்றுவிடுதல் ஆகாது.

இறுதியாக, நம்மைப் பற்றியும் ஒன்று கூறுதல் முறை. இக்கட்டுரை முழுவதும் நாம் 'நாம்' என்றே எழுதிவந்துள்ளோம். ஆய்வேடுகளில் இப்பன்மை அடக்கத்தின் அடையாளம் எனக் கற்பிக்கப்படுகிறது. நயினாதீவுக் கல்லில் அதே பன்மை யானை குதிரைகள்மீது சிநேகம் கொண்ட மன்னனின் வாயிலிருந்து வருகிறது. நமது 'நாம்' எவரையெல்லாம் உள்ளடக்குகிறது என்பதை இச்சஞ்சிகையின் வாசகர்கள் வினவுதல் வேண்டும். தீவகத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இன்று படிக்கும் குடிமைத் தொழிலாளியின் பிள்ளை நாளை இப்பக்கங்களில் எழுதும்போது, அப்பிள்ளையின் 'நாம்' நம்முடையதை ஏற்கவும் கூடும், மறுக்கவும் கூடும். அம்மறுப்புக்கு இடமளிக்கும் ஆய்வுச் சூழலை உருவாக்குவது, மரியாதைச் சொற்களை ஆராயும் நமக்குள்ள முதற்கடமையாகும்.